கிரெனடாவுக்குப் போன பரல்

புதுச் சப்பாத்தின் நுனியில் ஒரு பெருவிரல் அழுத்தும். தோலுக்கும் என் கால்விரலுக்கும் இடையில் எவ்வளவு வெளி மிச்சம் இருக்கிறது என்று அந்த விரல் தேடிப்பார்க்கும், குதிக்காலில் இன்னொரு விரல் நுழைந்து பார்க்கும், பிறகு "நட" என்று ஒரு சொல் வரும், நானும் எங்கள் அடுக்குமாடியின் நீண்ட நடைவழியில், ஒரு கதவுக்குப் பின்னால் தாளிக்கிற வாசமும் மறுகதவுக்குப் பின்னால் மீன் பொரிகிற வாசமுமாக, எனக்குச் சொந்தமில்லாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு 'லிஃப்ற்' வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வருவேன். பிறகு அது என் காலிலிருந்து கழற்றப்படும். உள்ளே பென்சில்களும் காலுறைகளும் திணிக்கப்பட்டு, எங்கள் வீட்டு வாசலுக்கு உள்ளே நின்ற, 'பரல்' என்று எல்லோரும் சொன்ன நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாய்க்குள் போய்விடும். அந்தச் சப்பாத்து கீஷாவுடையது. கீஷாவை நான் கண்டதில்லை. அவள் கிரெனடா என்ற தீவில் இருந்தாள்.

கீஷாவின் தாய் வேர்ணா அன்ரி எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தவர். காலையில் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை, பின்னேரம் என்னைப் பார்த்துக்கொள்கிற வேலை. என் அம்மாவுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்யும் 'பக்டரி'யில் பின்னேர 'ஷிஃப்ற்', அப்பாவுக்கு இரண்டு வேலை, ஆகவே அந்தக் காலத்துக் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் என்னைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளை வளர்த்தது பாதி ரீவியும் பாதி அயலட்டையும்தான். எனக்கு வாய்த்த அயல் கரிபியன் கடல் பக்கமாக இருந்தது. கீஷா தத்தித் தத்தி நடக்கப் பழகிய காலத்தில் அவளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவர் வேர்ணா அன்ரி. குடிவரவு அலுவல்கள் சரிவந்ததும் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தார், அவை சரிவரவே இல்லை. பிள்ளை அங்கே வளர்ந்துகொண்டிருந்தாள், பெற்றவருக்கு அவளுடைய கால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. தங்கை போனில் சொன்ன உயரமும் என் உயரமும் ஒன்றாக இருந்தபடியால் கீஷாவின் அளவு நான்தான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். எனக்கு முன்பல் விழுந்தபோது, "அங்கே அவளுக்கும் விழுந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் கட்டடத்தில் இருந்த தீவுக்காரர் பலரிடம் இப்படி ஒரு பரல் இருந்தது. மாதக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். அரிசி, எண்ணெய், ரின்மீன், பால்மா, சவுக்காரம், பள்ளிக்கூடக் கொப்பிகள், சட்டைகள். நிரம்பியதும் வண்டிக்காரர் வந்து உருட்டிக்கொண்டு போவார், கப்பலில் ஏறும், நத்தார்ப் பண்டிகைக்கு முன் போய்ச் சேரவேண்டும் என்பது கணக்கு. வேர்ணா அன்ரியின் அறையில் கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது, ஆகவே அவருடைய பரல் எங்கள் வீட்டில் நின்றது. அம்மா அதன் மூடிக்கு மேல் ஒரு துணியை விரித்துத் தொலைபேசியை வைத்துவிட்டார். அம்மாவுக்கு அந்தப் பரலில் ஒரு பிடிப்பு இருந்தது. ஊரில் சண்டை நடந்து சாமான்களுக்குத் தடை போட்ட காலத்தில் சவுக்காரத்துக்கும் நெருப்புப்பெட்டிக்கும் பட்ட பாட்டை மறக்காதவர் என்பதால், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஊசி, நூல் என்று தன் பங்குக்கு ஏதாவது கொண்டுவந்து, பொலித்தீனில் சுற்றி, யாரும் கேட்காமலே உள்ளே போடுவார். "சாமானில்லாத ஊர்க் கஷ்ரம் எனக்குத் தெரியும்" என்பார்.

அந்தத் தீவின் கஷ்டம் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேர்ணா அன்ரி சொன்னதுதான். பலகைச் சுவர், தகரக் கூரை, மலைச்சரிவில் கால் ஊன்றி நிற்கிற வீடு. குழாயில் தண்ணீர் நினைத்த நாளில் வரும். தங்கை மற்றவர்களின் தோட்டத்தில் சாதிக்காய் பொறுக்கி, அதன் சிவப்புத் தோலை உரித்துக் காயவைத்து விற்பவர். வாழைக்குலைக்கு விலை விழுந்ததிலிருந்து ஆண்கள் கரையில் குந்தியிருந்தார்கள். கீஷாவுக்குப் பள்ளிக்கூட உடுப்பு ஒன்றுதான், பின்னேரம் தோய்த்து இரவு காயவேண்டும், மழைபெய்தால் ஈரத்தோடு போவாள். இதையெல்லாம் வேர்ணா அன்ரி ஒரு பகிடி போலத்தான் சொல்வார். முற்றத்தில் ஓர் ஈரப்பிலா மரம் நிற்கிறது, அது காய்த்து நிற்கும் மட்டும் என் பிள்ளை பட்டினி கிடக்கமாட்டாள் என்பார், அம்மாவும் ஈரப்பிலா என்றதும் முகம் மலர்ந்து, "எங்கட ஊரிலையும் நிண்டது" என்பார். இரண்டு பேருக்கும் பாதி ஆங்கிலம், மீதி என் மொழிபெயர்ப்பு.

எங்கள் வீடு பயந்த வீடு. இதை நான் மறைக்கப் போவதில்லை. கனடா தினத்துக்கு வாணவேடிக்கை விட்டால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவார், அதன் பிறகு வெட்கப்பட்டு மேசையைத் துடைப்பார். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் காய்ச்சல்காரனுடையவை போன்ற கண்கள் கொண்ட ஒரு சின்னப் பையனின் படம் இருந்தது. அது நான் பிறப்பதற்கு முன் ஊர்ச் சண்டையில் 'ஷெல்' குண்டு பட்டு இறந்துபோன என் அண்ணா. எப்படி என்று கேட்கக்கூடாது. அம்மாவும் அப்பாவும் அந்தப் படத்தின் முன்னால் ஒன்றாக நின்று நான் பார்த்ததில்லை, ஒருவர் விளக்குக் கொளுத்தினால் மற்றவர் குசினிக்குள் போய்விடுவார். பயம் என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு தளபாடம் என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய புதிது. அன்று அம்மாவுக்கு வேலையில்லாத நாள். நான் வீட்டுக்கு வந்து புத்தகப்பையைக் கழற்றவில்லை, வேர்ணா அன்ரி வேலைச் சட்டையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிரெனடாவுக்கு நேராக ஒரு சூறாவளி வருகிறதாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் கரையைக் கடக்குமாம், அவருடைய 'போன் காட்' முடிந்துவிட்டது. அம்மா ஊருக்குப் போன் எடுப்பதற்கு வைத்திருந்த எங்கள் 'காட்'டைக் கொடுத்தார். பரலுக்கு மேல் இருந்த தொலைபேசியில் வேர்ணா அன்ரி அந்த நீண்ட இலக்கங்களை அழுத்தினார், பிழைத்துப்போனது, மறுபடி அழுத்தினார். மறுமுனையில் தங்கையின் குரல் எங்களுக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் தகரம் அடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா வேறு ஆளாகிவிட்டார். வேர்ணா அன்ரியின் கையைப் பிடித்து உலுக்கி, "நோ ஹவுஸ்! ரெல் தெம், நோ ஹவுஸ்! அவுட், அவுட்! ஹோல்! கோ இன் ஹோல்!" என்று கத்தினார். போதவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ வடிவாச் சொல்லு அவவுக்கு. வீட்டுக்குள்ள இருக்க வேண்டாம் எண்டு சொல்லு, கூரை விழும். வெளியில கிடங்கோ வாய்க்காலோ இருந்தா அதுக்குள்ள போய்க் குப்புறப் படுக்கச் சொல்லு. பிள்ளையைக் கீழ வைச்சுக்கொண்டு படுக்கச் சொல்லு. கெதியாச் சொல்லு!"

நான் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வேர்ணா அன்ரி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு தங்கையிடம் தங்கள் ஊர்ப் பேச்சில் வேகமாக என்னவோ சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு விளங்குவதில்லை. சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி செத்துப்போனது. மறுபடி மறுபடி எடுத்தும் ஒரு பெண்குரல் இணைப்பு இல்லை என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ரீவியில் அந்தத் தீவைக் காட்டினார்கள். வானத்திலிருந்து எடுத்த படம். வீடுகளுக்குக் கூரை இல்லை, அட்டைப்பெட்டிகளைத் திறந்து வைத்ததுபோல் உள்ளே கட்டில்களும் மேசைகளும் தெரிந்தன. மலையில் நின்ற மரங்களில் ஓர் இலை இல்லை. வேர்ணா அன்ரி தன் ஊர் எந்தப் பக்கம் என்று விரலால் திரையில் தேடினார், படம் மாறிவிட்டது. அம்மா பின்னால் நின்று, "பாத்தியளோ கூரையளை, நான் சொன்னன்தானே" என்று எனக்கு மட்டும் கேட்க முணுமுணுத்தார். தான் சொன்ன புத்தியால் அந்தப் பிள்ளை தப்பியிருப்பாள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன், அந்த நம்பிக்கையோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் ரீச்சர் உலக உருண்டையைச் சுழற்றிக் கரிபியன் கடலைக் காட்டி, புயலைப்பற்றிப் படிப்பித்தார். காற்றை விடத் தண்ணீர்தான் கூட ஆட்களைக் கொல்லும், புயலில் பள்ளத்துக்கும் வாய்க்காலுக்கும் கிட்டப் போகவே கூடாது, அவை கண்மூடித் திறப்பதற்குள் ஆறாகிவிடும் என்றார். வாந்தி வருகிறது என்று சொல்லி வெளியே போய் நின்றேன். அந்த வாய்க்காலை ஆங்கிலத்தில் சொன்ன வாய் என்னுடையது அல்லவா. பின்னேரம் அம்மா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, அடக்கமுடியாமல் ரீச்சர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

"என்ன சொன்னவ? திருப்பிச் சொல்லு" என்றார் அம்மா.

திருப்பிச் சொன்னேன். அம்மா கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். அன்று வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல் பயந்த நாட்கள் எனக்கு இன்றுவரை வரவில்லை. கிரெனடாவிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசி அடித்தால் அம்மா பரலுக்குக் கிட்டப் போகமாட்டார், காதைப் பொத்திக்கொண்டு குசினியில் நிற்பார். வேர்ணா அன்ரியின் கண்ணில் படாமல் இருக்கப் பார்த்தார், ஒரே வாசலில் பரலை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும்? நான் என்னுடைய கால்களைப் பார்க்கவே பயந்தேன். என் அளவில் ஒரு பிள்ளை தண்ணீருக்குள் கிடக்கிறாள் என்ற நினைப்பு குளிக்கும்போது வந்தது, குழாயை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதற்குள் வேர்ணா அன்ரி பரலை நிரப்புவதை நிறுத்தவில்லை. முன்பு வாரத்துக்கு ஒன்றிரண்டு சாமான் வரும், இப்போது ஒவ்வொரு நாளும் வந்தது. ஆணிப்பெட்டி, சுத்தியல், கூரைக்கு விரிக்கிற படங்கு, தண்ணீரைச் சுத்தமாக்கும் குளிசை. கண் சிவந்திருக்கும், கை நிற்காது. ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் இல்லாத நாள், மழைக்குப் போடுகிற ஒரு சோடி றபர் சப்பாத்தைக் கொண்டுவந்து, என்னைக் கதிரையில் இருத்தி, வழக்கம்போல் காலில் மாட்டி, நுனியில் பெருவிரலால் அழுத்தினார். "ஒரு அளவு கூட எடுப்போம், வளர்கிற பிள்ளை" என்றார்.

குசினி வாசலில் நின்ற அம்மாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிவந்து வேர்ணா அன்ரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"நான்தான் உங்கட பிள்ளையைக் கொன்றுபோட்டன் எண்டு சொல்லு" என்றார் என்னிடம்.

நான் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தேன்.

"சொல்லு பிள்ளை! நாங்கள் இருந்த வீட்டுக்கு ஷெல்லடி துவங்கேக்கை, பங்கருக்குள்ள போவம் எண்டு நான் சொன்னன். அப்பா சொன்னார், பங்கருக்குள்ள மழைத்தண்ணி நிக்குது, பெடியனுக்குக் காய்ச்சல், இண்டைக்கு உள்ளயே இருப்பம் எண்டு. என்ரை சொல்லை ஒருத்தரும் கேக்கேல்லை. கூரையைப் பிச்சுக்கொண்டு வந்து விழுந்தது. பெடியன் என்ரை மடியிலதான் கிடந்தவன். அதுதான் அவவின்ரை பிள்ளையெண்டாலும் தப்பட்டும் எண்டு கத்தினன். புயலுக்கு அது சரிவராதெண்டு எனக்குத் தெரியாது. சொல்லு அவவுக்கு."

என் அண்ணா எப்படிச் செத்தான் என்பதை, வேறொருவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டேதான் நான் அறிந்தேன். பதுங்குகுழிக்கு அம்மா சொன்ன 'பங்கர்' ஆங்கிலமேதான், அதற்குச் சொல் தேடவேண்டி இருக்கவில்லை. 'மடி' என்பதற்கு வந்தபோது அழுதுவிட்டேன். காலில் அந்த றபர் சப்பாத்து அப்படியே இருந்தது.

வேர்ணா அன்ரி முழுவதையும் கேட்டார். பிறகு மெல்ல, எனக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உன் அம்மா சொன்னதை நான் என் தங்கையிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது மலைத்தண்ணீர் இறங்கும் பள்ளம், அதற்குள் நாய் கூடப் படுக்காது. பள்ளிக்கூடம் கல்லுக் கட்டடம், அங்கே ஓடு என்றுதான் சொன்னேன். உன் அம்மா அப்படிப் பயந்துபோய் நின்றார், அவரைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் தலையை ஆட்டினேன்.

"அம்மா, அவ சொல்லேல்லையாம்" என்றேன். "நீங்கள் சொன்னதை அவ அங்கை சொல்லவேயில்லையாம்."

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "நல்ல காலம்" என்றார். "நல்ல காலம், இந்த முறையும் ஒருத்தரும் என்ரை சொல்லைக் கேக்கேல்லை."

முதல் வேலை முடிந்து இரண்டாவது வேலைக்குப் போகுமுன் சாப்பிட வந்த அப்பா, திறந்திருந்த கதவடியில் சாப்பாட்டுப் பையோடு நின்றார். எப்போதிருந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. பையை வைத்துவிட்டு, சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "அண்டைக்கு நான் கேட்டிருக்க வேணும்" என்றார். வேர்ணா அன்ரி எழுந்துபோய், தன் வீடு போல எங்கள் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

ஆனாலும் கல்லுக் கட்டடம் நின்றதா என்பது யாருக்கும் தெரியாது. ரீவியில் கல்லுக் கட்டடங்களும் விழுந்துதான் கிடந்தன. இன்னும் சில நாள் போனபின் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது, அம்மா அசையவில்லை, வேர்ணா அன்ரி எங்கள் குளியலறையில் இருந்தார், நான் எடுத்தேன். காற்று இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் தன் தாயைக் கேட்டது. நான் யார் என்று சொன்னதும், "என் கால் வைத்திருக்கிற பிள்ளையா நீ?" என்றது. நான் போட்ட கூச்சலில் வேர்ணா அன்ரி சவுக்கார நுரையோடு ஓடி வந்தார்.

பள்ளிக்கூடத்தின் கூரையும் போய்விட்டதாம். கீஷாவும் சித்தியும் ரீச்சரின் மேசைக்குக் கீழே, படுக்கைவிரிப்பால் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கிடந்தார்களாம். வீடு இருந்த இடத்தில் அதன் கால்கள் மட்டும் நின்றனவாம், பின்னால் இருந்த பள்ளத்தில் ஒரு நாள் முழுக்க மரங்களும் ஆடுகளும் மிதந்து போயினவாம். ஈரப்பிலா விழுந்துவிட்டது. சாதிக்காய் மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன, புதிதாக நட்டால் அவை காய்க்கப் பல வருடம் எடுக்கும், அதுவரை பொறுக்குவதற்கு ஒன்றுமில்லை. சித்தி வளைந்த ஆணிகளைச் சேற்றிலிருந்து பொறுக்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறாராம். தெருவில் எல்லோருக்கும் ஒரே பானையில் சமையல். கீஷாவின் பள்ளிக்கூட உடுப்பு எங்கே போனதோ, அவள் இப்போது யாரோ ஒரு மாமாவின் 'சேட்'டைப் போட்டிருக்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் கேட்டது, பரல் எப்போது வரும் என்பதைத்தான்.

பரல் அந்த வாரமே போனது. மூடி மூடமுடியாமல் இருந்தபடியால் அப்பா மேலே ஏறி இருந்து அமத்த, வேர்ணா அன்ரி வளையத்தைப் பூட்டினார்.

அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, நடைவழியில் இப்போது யாரும் பரல் வைக்க விடமாட்டார்கள். போன் காட் விற்ற கடையும் இல்லை, இணைப்பு இல்லை என்று பாடிய அந்தப் பெண்ணும் இல்லை. வேர்ணா அன்ரி, குடிவரவு ஒருவழியாகச் சரிவந்து மகளைக் கூப்பிட்டபின், பிறம்ரன் நகருக்குப் போனார், வயதானதும் தீவுக்கே திரும்பி, சீமெந்துக் கூரை போட்ட வீட்டில் இருக்கிறார். கீஷாவுக்கு ஒரு லொறிக் கொம்பனியில் வேலை. நேரில் கண்டபோது அவளுடைய கால் என்னுடையதைவிட இரண்டு அளவு பெரிதாக இருந்தது, அத்தனை வருடமும் விரலை மடக்கிக்கொண்டு நடந்தேன் என்று சொல்லி என்னை இன்றைக்கும் திட்டுவாள். அப்பா இறந்துவிட்டார். அந்த நாளிலிருந்து அவர் இறக்கும் வரைக்கும் அண்ணாவின் படத்துக்கு அவரும் அம்மாவும் ஒன்றாகத்தான் விளக்கு வைத்தார்கள்.

அம்மா இப்போது ஸ்ரௌவ்வில்லில் என்னோடு இருக்கிறார். போன கோடையில் ஒரு பின்னேரம் வீட்டில் இருந்த போன்கள் எல்லாம் ஒரேயடியாக அலறின. கடும் காற்று வருகிறதாம், உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டாம். வெளியே வானம் பச்சையாகிக் கிடந்தது. என் மகள் ஓடிவந்து, "அம்மம்மா, பேஸ்மென்றுக்குப் போறதா, இங்கயே இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அம்மா 'பேஸ்மென்ற்' கதவைத் திறந்து கீழே இருட்டைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மேலே கூரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். ஆபத்து என்றால் கத்திக் கட்டளை போடுகிற அந்த அம்மா எப்போதோ போய்விட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கீழே போவோம் என்றேன், அம்மாவின் கால் படிக்கட்டின் நடுவில் நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. ஆகவே மூன்று பேரும் அந்த நடுப்படியிலேயே நெருக்கிக்கொண்டு இருந்தோம். காற்று வந்து கதவுகளை உலுக்கத் தொடங்கியதும் அம்மா என் மகளின் இரண்டு காதுகளையும் பொத்தினார். தன் காதைப் பொத்த அவருக்குக் கை மிச்சமில்லை, அதை நான் பொத்தினேன்.